வரிசையில் நின்றவன்

ட்ருகனினா, மெல்பேர்ண்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முரளிதரன் எழுதுவது. நான் சுகம். முதுகு இடைக்கிடை பிடிக்கிறது, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு இல்லை. உங்கள் காது எப்படி? போன மாதம் தொலைபேசியில் நான் கத்தக் கத்த, "ஆர்? ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். மறுநாளே தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கினேன். உங்கள் பட்டன் ஃபோனில் தமிழ் எழுத்து வராது. இனிக் கடிதம்தான். சாம்பியாவுக்கு மூன்று கிழமை எடுக்குமாம்.

நேற்று இங்கே பொதுத் தேர்தல். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. நானும் போய் வரிசையில் நின்றேன். வாசலில் வேட்பாளரே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். இங்கே பென்சிலால்தான் எழுத வேண்டும். ஒரு தாள் மேசை விரிப்பு அளவு. உள்ளே சத்தமே இல்லை. வெளியே பெற்றோர் சங்கத்துக்காரர் சொசேஜ் சுட்டு விற்றார்கள். வெங்காயம் வதங்குகிற மணம் தெரு முழுக்க. போலீஸ் இல்லை, துவக்கு இல்லை. முடிந்ததும் சனம் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

மின்சாரம் இருக்கிற நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்து வையுங்கள்.

தம்பி,
முரளி

*

கசோந்தே, சாம்பியா
1 ஜூன் 2025

அன்புத் தம்பி முரளிக்கு,

உன் எழுத்தை உறையில் கண்டதும் தபால் பெட்டிக்கு முன்னாலேயே கிழித்து வாசித்தேன். நான் நலம். காது இனித் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக் கதைத்தால் பிடிபடும்.

நீ வோட்டுப் போட்டதை இரண்டு தரம் வாசித்தேன். உன் அத்தான் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். 1984இல் அவர் கணிதம் படிப்பிக்க, நான் உயிரியல் படிப்பிக்க என்று இரண்டு வருட ஒப்பந்தத்தில் இந்த நாட்டுக்கு வந்தோம். இந்த நாட்டின் குடியுரிமை கிடைத்த அன்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார். நாற்பத்தொரு வருடமாகிவிட்டது. எனக்கு இதுதான் ஊர்.

இங்கே ஒரு கரைச்சல். எங்கள் வட்டாரக் கவுன்சிலர் முலெங்கா என் மாணவன். 2021இல் அவன் தேர்தலில் நின்றபோது நான் வீடு வீடாகப் போனேன். "இவன் என்ரை பிள்ளை மாதிரி. இவனுக்குப் போடுங்கோ. நான் பொறுப்பு" என்று சொன்னேன். சனம் முலெங்காவைத் தெரிந்து போடவில்லை, என்னைத் தெரிந்து போட்டது. அவன் தருவதாகச் சொன்னது பிரசவ விடுதி. கட்டினான், அதைப் பொய் சொல்லக்கூடாது. நீல வர்ணம் பூசி, நாடாவும் வெட்டினான். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மருத்துவிச்சி இல்லை, தண்ணீர் இல்லை. பெண்கள் இன்னும் நாற்பது கிலோமீட்டர் லொறியில் போகிறார்கள். அவனோ நாலு மாதமாக வட்டாரக் கூட்டத்துக்கு வரவில்லை.

நீ யாருக்குப் போட்டாய்? என்ன பார்த்துப் போட்டாய்? வென்றபிறகு அங்கே ஆட்கள் முகம் காட்டுவார்களா? எழுது.

உனக்குப் பாஸ்போர்ட் கிடைத்து ஆறு வருடம். ஒருமுறை வந்து போகக்கூடாதா?

அன்புடன்,
கல்யாணி அக்கா

*

ட்ருகனினா
29 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சாப்பிட்டுத் தூங்கி இருந்தால் எனக்கு அது போதும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலையிடம் பெரிய தகரக் கொட்டகை. காலையில் கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும்.

நான் எங்கள் பகுதி உறுப்பினரான ஒரு பெண்ணுக்குப் போட்டேன். எங்கள் பக்கம் பேருந்து போதாது, அதைப் பற்றிப் பேசினவர். முன்பு அவருக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். இரண்டு கிழமையில் கையெழுத்துப் போட்டுப் பதில் வந்தது. வோட்டுப் போட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இங்கே ஒருவரும் இருக்க முடியாது.

ஆனால் அக்கா, அங்கே நிலைமை வேறு. நீங்கள் தனி மனுஷி. அறுபத்தாறு வயது. முலெங்காவை எதிர்த்துக் கூட்டத்தில் எழும்பி நிற்க வேண்டாம். அவர்கள் நாடு, அவர்கள் பாடு.

இப்போது லீவு எடுக்க முடியாது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

தம்பி,
முரளி

*

கசோந்தே
27 ஜூலை 2025

தம்பி முரளி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை.

பக்கத்து வீட்டுச் சந்தாவைப் பற்றி முன்பு தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிற பெண். போன செவ்வாய் விடியற்காலை அவளுக்கு வலி கண்டது. லொறி வரப் பகலாகிவிட்டது. பாதி வழியில், சோளத் தோட்டத்துப் பக்கம், லொறிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை. நான் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். உயிரியல் படிப்பித்தவள்தானே நான், எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. திரும்பி வரும்போது அந்த நீலக் கட்டடத்தைத் தாண்டித்தான் வந்தோம்.

சந்தாவின் தாயின் வீட்டுக்கு, வோட்டுக் கேட்டு, நான் 2021இல் இரண்டு தரம் போனவள்.

"அவர்கள் நாடு" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இனி எனக்கு எழுதாதே.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முலெங்கா வருகிறானாம். நான் பேசப்போகிறேன்.

அக்கா

*

கசோந்தே
24 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வர இன்னும் இரண்டு கிழமையாவது எடுக்கும், அதற்குள் எழுதுகிறேன். நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். எனக்குக் காது கேட்காது என்பதால் முன் கதிரையில் இருந்தேன். முலெங்கா முதலில் பேசினான். பிறகு நான் எழும்பி நின்று, இந்த ஊர்ப் பெம்பா மொழியில், முதலில் சனத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

"உங்களிட்டை வந்து இவனுக்குப் போடச் சொன்னது நான். நான் பொறுப்பு எண்டு சொன்னனான். அதனால் முதலில் நான் மன்னிப்புக் கேக்கிறன். சந்தா, உன்னிட்டையும்."

பிறகு அவன் பக்கம் திரும்பினேன்.

"முலெங்கா, என்ரை பங்குக்கு நான் சொல்லியிட்டன். இனி நீ சொல்லு. கதவு ஏன் பூட்டிக் கிடக்குது?"

அவன், மருத்துவிச்சியை நியமிப்பது மாகாண அலுவலகம் என்றான், தான் எழுதியிருக்கிறேன் என்றான், பிறகு வரும் என்றான். "எப்ப எழுதினனீ? கடிதத்தைக் காட்டு" என்றேன். பையைத் தடவினான். அப்போதுதான் உன் கடிதத்தைக் கையில் எடுத்தேன். ஓம், கொண்டுபோயிருந்தேன். நீ வோட்டுப் போட்டது, அந்தப் பெண் உறுப்பினர் இரண்டு கிழமையில் பதில் போட்டது எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "என்ரை தம்பி அந்த நாட்டுக்கு வெறுங்கையோடை படகிலை போனவன். அவனுக்கே பதில் வருகுது. இஞ்சை பிறந்த உங்களுக்கு ஏன் வராது?" என்று கேட்டேன். சனம் மேசையில் தட்டியது. வாசலில் ஆட்கள் உன் பெயரைச் சொல்லிச் சுகம் கேட்டார்கள்.

இன்னொன்று. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. சனவரியில் வரலாமென்று யோசிக்கிறேன். விசா விண்ணப்பத்தோடு உன் அழைப்புக் கடிதமும் உன் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதியும் வைத்தால் சுலபம் என்கிறார்கள். அனுப்பிவிடு.

அன்புடன்,
அக்கா

*

ட்ருகனினா
21 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சந்தாவை நினைத்துக் கவலைப்பட்டேன். அவளுக்கு என் பெயரால் ஏதாவது சத்தான சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

என் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்திருக்க வேண்டாம்.

வீடு மாறுகிற ஆயத்தத்தில் இருக்கிறேன். பத்திரமெல்லாம் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. பிறகு அனுப்புகிறேன்.

முரளி

*

கசோந்தே
19 ஒக்டோபர் 2025

அன்புத் தம்பி,

சுகமாக இருக்கிறாயா? உண்மையாகக் கேட்கிறேன். இதுவரை நீ எனக்கு இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினதில்லை.

இங்கே வெக்கை. மழைக்கு இன்னும் ஒரு மாதம். முலெங்கா கடிதத்தைக் காட்டவே இல்லை. அதனால் இந்த மாதத் தொடக்கத்திலிருந்து பெண்கள் நாளுக்குப் பத்துப் பேராக அந்தக் கட்டட வாசலில் போய் இருக்கிறோம். பாய் விரித்து, சோளக் களி கிண்டி, அங்கேயே சாப்பிடுகிறோம். கோஷமில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். போன வெள்ளி சந்தாவும் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

உன் பத்திரப் பிரதி வரவில்லை. முலெங்கா "பிறகு" என்கிறான். நீயும் "பிறகு" என்கிறாய். அவனிடம் கேட்கிற மாதிரி உன்னிடமும் கேட்க வைக்காதே. நான் வருவது உனக்கு விருப்பமில்லையா? வீட்டில் யாரும் இருக்கிறார்களா? உன் மனைவி கலா இறந்து பதினாறு வருடமாகிறது. நீ இன்னொருத்தியோடு இருந்தால் நான் கோபிக்கிறவளா?

எதுவென்றாலும் எழுது.

அக்கா

*

ட்ருகனினா
4 சனவரி 2026

அக்கா,

இரண்டு மாதமாக உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். சுகம் கேட்டுத் தொடங்கினால் மறுபடியும் பொய்யில்தான் போய் முடிகிறது. அதனால் நேரே சொல்கிறேன்.

எனக்குக் குடியுரிமை இல்லை. நிரந்தர வதிவிடமும் இல்லை. 2012இல் படகில் வந்து இறங்கினபோது எப்படி இருந்தேனோ, காகிதத்தில் இன்றும் அப்படித்தான். என் அகதி வழக்கை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடும் தோற்றுப்போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிட்ஜிங் விசா என்று ஒரு தற்காலிக விசா தருகிறார்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. வோட்டு இல்லை. இலங்கையிலும் இல்லை, இங்கேயும் இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அக்கா. கடைசியாக நான் வாக்குச்சீட்டைத் தொட்டது எந்த வருடம் என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

இது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. 2019இல் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் ஃபோனை அவர் காதில் வைத்தீர்கள்.

"முரளி, உனக்குப் பேப்பர் கிடைச்சிட்டுதா?"

"ஓம் அத்தான், கிடைச்சிட்டுது."

"அப்ப சரி. அக்காவுக்கு நீ இருக்கிறாய்."

நாலாம் நாள் அவர் போய்விட்டார். போன மனிதருக்குச் சொன்ன பொய்யை எப்படித் திருப்பி வாங்குவது? நீங்கள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருடத்தைக் கடந்தீர்கள். பிறகு ஒவ்வொரு முறையும் அதற்கு மேல் இன்னொன்று சொல்ல வேண்டி வந்தது.

தேர்தல் நாளன்று நான் வரிசையில் நின்றது உண்மை. அது சொசேஜ் வாங்குகிற வரிசை. பக்கத்து வரிசைதான் வோட்டுப் போடுகிறவர்களுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு. வேட்பாளர் கை கொடுத்ததும் உண்மை. "உங்கள் ஆதரவை நம்பலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பாணுக்குள் சொசேஜை வைத்து வாங்கிக்கொண்டு, மதில் ஓரமாக நின்று, சனம் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். பென்சிலும் தாளும் என்னோடு வேலை செய்கிற துஷாந்த் சொன்னவை. அந்தப் பெண் உறுப்பினருக்கு நான் கடிதம் போடவில்லை. பதிலும் வரவில்லை.

வீடு என்று எழுதுவேனே, அது ஒரு வீட்டின் பின்னால் இருக்கிற அறை. மாறவில்லை, மாற இடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ரயில் மாறி ஸ்பிரிங்வேல் போவேன். சாமான் இங்கேயும் வாங்கலாம். அங்கே கடையில் பவளம் அன்ரி "தம்பி, முருங்கைக்காய் புதுசு" என்று தமிழில் சொல்லுவா. அதற்காகப் போகிறது. கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். "எந்த வருஷம் வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். வருடத்தைச் சொன்னதும் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும்..." என்று நிறுத்துவார்கள். அந்த நிறுத்தம் எனக்குத் தாங்காது.

நீங்கள் இருநூறு பேருக்கு முன்னால் என் பொய்யை வாசித்திருக்கிறீர்கள். அதை நினைத்துத்தான் எழுத முடியாமல் இருந்தேன்.

அழைப்புக் கடிதம் அனுப்ப எனக்குத் தகுதி இல்லை.

முரளி

*

கசோந்தே
1 பெப்ரவரி 2026

முரளி,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். கோபம் வந்தது. விசா இல்லாததற்கு நீ என்ன செய்வாய், அதற்கில்லை. ஆறு வருடமாக நான் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்ற கோபம். நீ கோட்டும் சூட்டுமாக ஒரு வீட்டில் இருக்கிறாய் என்று நினைத்து, என் தனிமையை உன்னிடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். நீ என்னை நினைத்து உன்னுடையதை அடக்கிக்கொண்டாய். இரண்டு பேரும் இப்படியே செத்திருப்போம்.

மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. அந்தப் பாண்தான் கண்ணில் நின்றது. மதில் ஓரத்தில் நின்று சாப்பிட்டாய் என்று எழுதியிருந்தாயே.

இங்கே ஒரு நல்ல செய்தி. சனவரி பன்னிரண்டாம் தேதி முதல் மருத்துவிச்சி வருகிறாள். கிழமையில் மூன்று நாள்தான். தண்ணீரைப் பெண்கள் சுமந்து ஊற்றுகிறோம். ஆனால் கதவு திறந்துவிட்டது. ஐந்து பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. இன்னும் நாலு நாள் மிச்சம் என்று முலெங்காவிடம் சொல்லியிருக்கிறோம்.

நேற்றுக் கூட்டம். நான் எழும்பினேன். "ஆகஸ்டில் என்ரை தம்பியைப் பற்றி உங்களுக்குச் சொன்னது உண்மை இல்லை. அவனுக்கு அங்கை வோட்டு இல்லை. ஒரு கடிதமும் அவனுக்கு வரேல்லை. தெரியாமல் சொன்னனான், ஆனால் சொன்னது நான்" என்றேன்.

முலெங்கா சிரித்தான். "மேடம், நீங்கள் சொல்லாட்டி இது ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"அப்படிச் சொல்லுறதைத்தானே உன்னிட்டையும் கேக்கிறன்" என்றேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ பயந்த மாதிரி ஒருவரும் உன்னைக் கேவலமாகப் பேசவில்லை. பெண்களுக்குத்தான் விளங்கவில்லை. "பதின்மூண்டு வருஷம் வேலை செய்யிறான், வரி கட்டுறான். பிறகேன் இல்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழும்பினார். சந்தையில் சைக்கிள் திருத்துகிறவர். முன்னால் வந்து, எனக்கு விளங்கட்டும் என்று முகத்துக்கு நேரே நின்று கேட்டார்.

"அப்ப உன்ரை தம்பி அங்கை ஆரிட்டைக் கேக்கிறான்?"

எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

அழைப்பு இல்லாமலே, என் ஓய்வூதியத்தைக் காட்டி விண்ணப்பிக்கப் போகிறேன். தருவார்களோ தெரியாது. தந்தாலும் ஆகஸ்டுக்குப் பிறகுதான். ஆகஸ்டில் இங்கே பொதுத் தேர்தல், வோட்டுப் போட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். இந்த முறை யாருக்காகவும் பொறுப்பு நிற்க மாட்டேன். உன் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும்.

இனி எனக்கு நல்லதாக எழுத வேண்டாம். உள்ளதை எழுது.

அக்கா

*

ட்ருகனினா
8 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

நான் சுகமில்லை. முதுகு வலி கூடிவிட்டது. நல்லதாக எழுத வேண்டாம் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். வெயில் குறைந்துவிட்டது. பாய் விரிக்க இடம் இருக்கிறது. கட்டிலை மட்டும் சுவரோடு தள்ள வேண்டும்.

கிழவரின் கேள்வி என்னை இரண்டு கிழமை படுக்க விடவில்லை. ஆரிடமும் கேட்கவில்லை என்பதுதான் பதில். கேட்க உரிமை இல்லை என்று நானே முடிவு கட்டி, பதின்மூன்று வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். போன வெள்ளி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். கடைத்தொகுதிக்குள் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எத்தனையோ நாள் தாண்டிப் போன கதவு.

மேசையில் ஒரு இளம் பெண் இருந்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். "நான் சிட்டிசன் இல்லை. எனக்கு வோட்டு இல்லை." இதைச் சொன்னதும் போகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுதுவதற்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த போஸ்ட்கோட்?" என்று கேட்டாள்.

3029 என்றேன்.

"அப்படியென்றால் எங்கள் ஆள்தான். கதிரையில் இருங்கள்" என்றாள்.

முழுவதையும் சொன்னேன். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை. என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினாள். வேலையிடத்தில் எல்லோரும் என்னை மர்ரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முரளிதரன் என்று முழுவதாக ஒருவர் கேட்டு எழுதியது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. கடைசியில், "இதில் எங்களால் அதிகம் செய்ய முடியும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். அமைச்சருக்கு எழுதுவோம். பதில் வர ஆறு கிழமை எடுக்கும், கூடவும் எடுக்கலாம்" என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம். கூப்பிட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. சொல்வதற்கு நீங்கள்தான். உங்களுக்கும் இது மூன்று கிழமை கழித்துத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கிழவரிடம் சொல்லுங்கள், முரளிதரன் போய்க் கேட்டுவிட்டான் என்று. பதில் வந்ததா என்று கேட்பார். இன்னும் இல்லை என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி,
முரளிதரன்